பெட்டிப் பலகையும் காமன் கம்பமும்

இலங்கை மலைநாட்டிலே தேயிலைக்கு முன் கோப்பி இருந்தது என்பது பலரும் அறிந்த செய்தி. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலைகளில் ஒருவகைத் துரு நோய் கண்டதும், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிர் ஏறக்குறைய முற்றாக அழிந்ததும், தோட்டங்கள் தேயிலைக்கு மாறியதும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அழிந்த அந்தக் கோப்பி மரங்கள் எங்கே போயின என்பதை மட்டும் பெரும்பாலார் கேட்பதில்லை. அவற்றின் அடித்தண்டுகள் பட்டை உரிக்கப்பட்டு, கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றன. அங்கே தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின. கோப்பியை வீழ்த்தி எழுந்த தேயிலையின் கிண்ணத்தை, வீழ்ந்த கோப்பியின் தண்டே தாங்கி நின்றது. இதனினும் பொருத்தமான ஒரு மேசையைக் கற்பனையாலும் செய்துவிட முடியாது.

ஒரு வேலையை முடித்த மரம் மற்றொரு வேலைக்குப் போவது மலைநாட்டில் அன்று தொடங்கிய வழக்கம். ஏற்றுமதியான மேசைக் கால்களைப் பற்றித் தேயிலை வரலாற்று நூல்களில் ஒரு வரியாவது உண்டு. தோட்டத்து லயங்களுக்குள்ளே தொழிலாளர்கள் தாமே செய்துகொண்ட தட்டுகளுக்கும் பெட்டிகளுக்கும் பரண்களுக்கும் அந்த ஒரு வரியும் இல்லை. ஆயினும் அவற்றிற்கும் ஒரு வரலாறு இருக்கின்றது. அது தேயிலைப் பெட்டியின் வரலாறு.

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகைவண்டி நாவலப்பிட்டியைக் கடந்து மலையேறத் தொடங்கியபின், வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே றொசல்ல என்னும் சிறு நிலையம் வருகின்றது. புகைவண்டிப் பாதை 1884இல் ஹட்டனை அடைந்தது. அதற்குமுன் இப்பகுதியின் கோப்பியும் தேயிலையும் மாட்டுவண்டிகளில் மலையிறங்கின. நிலையத்தின் இருபுறமும் தேயிலைச் சரிவுகள். அவற்றிற்கிடையே வரிசை வரிசையாக லயங்கள். இலங்கையில் மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் வட்டவளைப் பகுதி ஒன்று. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேலான மழை இங்கே விழுகின்றது. வைகாசி பிற்பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால், புரட்டாசி வரையில் சுவர் உலர்வதில்லை, துணி உலர்வதில்லை, விறகும் உலர்வதில்லை. இத்தகைய இடத்தில் வீட்டுப் பொருள்களைத் தரையில் வைக்க இயலாது. தரையிலிருந்து உயர்த்தி வைப்பதற்கு ஏதேனும் ஒரு பலகை வேண்டும்.

பலகைக்கு எங்கே போவது? சுற்றிலும் மரங்கள் உண்டு. தேயிலைக்கு நிழலாகவும் காற்றுத் தடுப்பாகவும் நட்ட சவுக்கு மரங்கள் சரிவெங்கும் நிற்கின்றன. மலையகத்தார் சவுக்கு என்று அழைக்கும் இந்த மரம் கடற்கரைச் சவுக்கன்று. கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரெவிலியா. இழைத்துப் பார்த்தால் பட்டுப்போல மின்னும் நல்ல ரேகையுடைய மரம் அது. எனினும் அது தோட்டத்து மரம். ஒரு கிளையை வெட்டுவதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும். தாழ நின்று நிழல் தரும் முள்முருங்கையோ பலகைக்கு உதவாத மென்மரம். திருமணப் பந்தலிற் கல்யாண முருங்கையாகக் கால் ஊன்றுவதற்கே அது சிறப்பு. கவ்வாத்து வெட்டிய பின் கிடைக்கும் தேயிலை மிலாறு அடுப்புக்கு விறகாகும், அதற்குமேல் ஆகாது. தொழிலாளி வாழ்ந்த லயக் காம்பராவும், அதன் கூரையும், கதவும் தோட்டத்திற்கே உரியவை. பெரும்பாலும் பன்னிரண்டடிக்குப் பத்தடி அளவுடைய அந்த அறைக்குள்ளே அவனுடையவை என்று சொல்லத்தக்கன உடைகளும் பாத்திரங்களும் சாமிப் படங்களுமே. அவற்றை வைப்பதற்கான மரச்சாமானைத் தேயிலைப் பெட்டி கொடுத்தது.

இப்பெட்டியின் கதை உலகம் சுற்றிய கதை. தேயிலைக்கு ஒரு குணம் உண்டு. அருகிலுள்ள எந்த மணத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். வாசமுள்ள மரத்தினாற் பெட்டி செய்தால் அந்த வாசம் இலண்டனில் தேநீரைச் சுவைப்பவரின் நாவிலே தெரியும், விலை விழும். ஆதலின் மணமற்ற, இலேசான, உலர்ந்த மரத்தைத் தேடி வியாபாரிகள் அலைந்தனர். ஜப்பானிலிருந்து மோமி என்னும் ஊசியிலை மரப் பெட்டிகள் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பால்டிக் கடலோரத்து எஸ்தோனியாவிலிருந்து ஒட்டுப்பலகை வரத் தொடங்கியது. தாலின் நகரில் லூதர் என்னும் குடும்பத்தார் நடத்திய தொழிற்சாலை பர்ச் மரத்தை மெல்லிய ஏடுகளாக உரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் பலகையாக்கியது. அப்பலகையை விற்பதற்கு இலண்டனில் எழுந்த நிறுவனத்திற்கு வெனெஸ்டா என்று பெயர். 'வெனீர்' என்ற மர ஏட்டின் பெயரையும் எஸ்தோனியாவின் பெயரையும் இணைத்து வைத்த பெயர் அது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. லூதர் தொழிற்சாலை ஒட்டுப்பலகையை முதலிற் செய்தது நாற்காலிகளின் இருக்கைக்காகவே. நாற்காலிக்காகப் பிறந்த பலகை தேயிலைப் பெட்டியாகிக் கடல் கடந்து வந்து, மலைநாட்டில் மீண்டும் ஒரு முக்காலியின் இருக்கையானது.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது வெளிநாட்டுப் பெட்டிகள் வருவது அரிதாயிற்று. அக்காலத்தில் காலிக்கு அருகே கிந்தோட்டையில் அரசாங்கம் ஓர் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையை நிறுவியது. பின்னர் அது அரசாங்கக் கூட்டுத்தாபனமாகி, கொஸ்கமவில் இன்னொரு பெரிய ஆலையும் எழுந்தது. பெட்டிக்கான மரம் இனி இலங்கைக் காடுகளிலிருந்தே வரவேண்டியதாயிற்று. அதனால் விளைந்தது என்ன என்பது பின்னர்க் கூறப்படும்.

ஒட்டுப்பலகை செய்யும் முறை பாய் விரிப்பதைப் போன்றது. நீரில் ஊறவைத்த அல்லது நீராவியில் வேகவைத்த அடிமரத்தைச் சுழல விட்டு, நீண்ட கத்தியொன்றை அதன்மேல் அழுத்தினால், மரம் சுருட்டிய பாய் அவிழ்வதுபோல மெல்லிய ஏடாக அவிழ்ந்துகொண்டே வரும். இந்த ஏடுகளை உலர்த்தி, மூன்றை ஒன்றாக ஒட்டுவர். நடு ஏட்டின் ரேகை மற்ற இரண்டின் ரேகைக்குக் குறுக்காக அமையும். மரம் ரேகையின் வழியே எளிதிற் பிளக்கும், குறுக்கே பிளக்காது. ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டும்போது எந்தப் பக்கமும் பிளவாத பலகை கிடைக்கின்றது. விரலின் பாதியளவு தடிப்புமில்லாத அந்தப் பலகை நூறு இறாத்தல் தேயிலையைத் தாங்கிக் கப்பலின் அடித்தளத்திற் கிடந்ததன் இரகசியம் இதுவே.

தோட்டத்து ஸ்டோருக்குப் பெட்டி பெட்டியாக வருவதில்லை. கட்டுக்கட்டாக வரும் பலகைகளே அங்குப் பெட்டியாகும். ஆறு பலகைகள், உள்மூலைகளுக்கு மரச்சட்டங்கள், விளிம்புகளுக்குத் தகரப் பட்டிகள், சிறு ஆணிகள். உள்ளே முற்காலத்தில் ஈயத்தாளும் பிற்காலத்தில் அலுமினியத் தாளும் விரிக்கப்படும். தேயிலையை இட்டு, குலுக்கி இறுக்கி, மூடி அறைந்தபின் பெட்டியின் பக்கத்தில் அச்சுத்தகடு வைத்து மை தடவுவர். தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், வரிசை இலக்கம், நிறை ஆகியன கறுப்பு எழுத்துக்களாக அங்கே பதியும். பெட்டி புகைவண்டி ஏறும். ஏடு பிரிந்தது, மூலை உடைந்தது, ஆணி அடிக்கும்போது வெடித்தது என்று தள்ளிய பலகைகள் ஸ்டோரின் மூலையிற் குவியும்.

அந்தக் குவியலிலிருந்தே லயத்துத் தச்சுவேலை தொடங்கியது. இதைத் தச்சுக்கலை என்று அழைக்கலாமா என்று கேட்பவரும் இருக்கலாம். தேக்கிலும் கருங்காலியிலும் வேலை செய்யும் ஆசாரி, பெட்டிப் பலகையைக் கையில் எடுத்தவுடனே முகம் சுளிப்பார். அதில் துளையும் கழுந்தும் வெட்டி மூட்டுப் போட முடியாது. உளி வைத்தால் ஏடு எழும்பும். இழைப்புளி வைத்தால் மேலேடு போய் நடுவேடு தெரியும். ஆனால் வேலைக்கு ஒவ்வாத பொருளைக்கொண்டு வேலையை முடிப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கின்றது. பலகையின் பலம் அதன் பரப்பில், பலவீனம் அதன் விளிம்பில். ஆகவே விளிம்பெல்லாம் சட்டத்தின்மேல் அமர வேண்டும். பெட்டியின் உள்மூலைச் சட்டங்களே தட்டுக்குக் கால்களாகவும் குறுக்குச் சட்டங்களாகவும் அமைந்தன. தகரப் பட்டியை நிமிர்த்தி மீண்டும் விளிம்பில் மடித்து அறைந்தால் பலகையின் ஓரம் தேயாது. வளைந்த ஆணிகளைக் கல்லின்மேல் வைத்துத் தட்டி நேராக்கிச் சிரட்டையிற் சேர்த்துவைப்பது சிறுவர்களின் வேலை. அலுமினியத் தாளும் வீணாகவில்லை. சாமிப் படத்தின் பின்னால் அது வெள்ளித் தகடுபோல ஒளிர்ந்தது.

இவ்வாறு உருவானவை எவை? பாத்திரத் தட்டு, அரிசிப் பெட்டி, துணிப் பெட்டி, பிள்ளைகள் எழுதுவதற்குச் சாய்பலகை, குந்துவதற்கு மணை, கூரைக்கும் தலைக்கும் இடையே பரண், இஸ்தோப்பின் ஒரு பக்கத்தை அடைத்துச் செய்த சிறு அறை. பெற்றோரும், மணமான மகனும் மருமகளும், வயது வந்த பெண்ணும் ஒரே காம்பராவில் உறங்கவேண்டிய நிலையில், நடுவே எழுந்த ஒரு பெட்டிப் பலகைத் தடுப்பு வெறும் மரச்சாமானன்று. மானத்தைக் காத்த சுவர் அது. அந்தச் சுவரிலே தோட்டத்தின் பெயரும் தேயிலையின் தரமும் நிறையும் எழுதியிருக்கும். சிறுவர் பலர் எழுத்துக்கூட்டிய முதல் ஆங்கில எழுத்துக்கள் தரத்தைக் குறிக்கும் 'பீ. ஓ. பீ.' என்பனவாயிருந்தால் அதில் வியப்பில்லை. தாயும் தந்தையும் பறித்து அரைத்த கொழுந்தின் விலாசம், அனுப்பப்படாமலே வீட்டுக்குள் நின்றுவிட்டது.

மழைக்காலம் இப்பலகைக்குச் சோதனைக் காலம். ஈரம் ஏறினால் ஒட்டுவிட்டு ஏடுகள் விரியும். ஆதலின் தட்டுகளை அடுப்புள்ள பக்கத்தில் அமைத்தனர். மிலாறு எரியும் புகை நாள்தோறும் படிந்து பலகை கறுத்து இறுகும். புகை படிந்த பலகையைப் பூச்சி எளிதில் அண்டுவதில்லை. ஆண்டு முழுவதும் புகை பூசிய வீட்டைத் தீபாவளிக்கு முன் தூய்மை செய்வர். தோட்டத்தில் தீபாவளியே பெருநாள். முற்பணம் கிடைக்கும் நாளும் அதுவே. சுவருக்குச் சுண்ணாம்பு ஏறுவதும், தரை மெழுகுவதும், ஆடிப்போன தட்டுக்குப் புதுச் சட்டம் கிடைப்பதும் அப்பொழுதே. அதற்குச் சற்று முன் நவராத்திரி நிறைவில் ஆயுத பூசை வரும். ஸ்டோரிலே இயந்திரங்களுக்குப் பொட்டிடும் அதே நாளில், தச்சர் தம் உளிக்கும் வாளுக்கும் கொட்டாப்புளிக்கும் பொட்டிட்டு ஒரு நாள் ஓய்வு கொடுப்பர்.

தைப்பொங்கலோடு வானம் வெளுக்கின்றது. தை, மாசி, பங்குனி மாதங்களில் திம்புள்ள, டிக்கோயாப் பகுதிகளில் இரவு குளிர்ந்து, பகலில் வறண்ட காற்று வீசும். கொழுந்து மெதுவாக வளரும். அதனால் மணம் மிகும். ஆண்டின் சிறந்த தேயிலை கிடைக்கும் பருவம் இதுவே. அதே பருவத்தில், மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறை தோன்றும்போது, தோட்டங்களிற் காமன் கூத்துத் தொடங்குகின்றது. இங்கே மரம் வேறொரு வடிவிற் காட்சி தருகின்றது.

காமன் கூத்துக்கென ஒதுக்கிய வெளிக்குக் காமன் பொட்டல் என்று பெயர். அங்கே கம்பம் ஊன்றுவர். விலையுயர்ந்த மரம் வேண்டியதில்லை. கரும்பும் ஆமணக்கும் போன்றவை சேரக் கட்டிய கம்பமே மன்மதனாகும். ஊன்றிய நாள் முதல் மன்மதனாகவும் இரதியாகவும் ஆடுவோர் விரதம் காப்பர். இரதியாக ஆடுபவரும் வழக்கமாக ஆணே. பகலில் மலையில் வேலை. இரவிலே தப்பு முழங்கக் கூத்து. சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதனை அனுப்புகின்றனர். இரதி போகவேண்டாமென்று தடுக்கின்றாள். அவன் கேளாமற் போகின்றான். தேவர்களும் தூதர்களும் வீரபத்திரனும் காளியும் ஒவ்வோர் இரவாக வருகின்றனர். முழுமதி நாளையொட்டி இறுதி இரவு வருகின்றது. நெற்றிக்கண் திறக்கின்றது, கம்பம் எரிகின்றது. அதன்பின் எழுவது இரதியின் ஒப்பாரி. அந்த ஒப்பாரியிலே கூத்து எது, மெய்யான துயர் எது என்று பிரித்தறிய முடியாதபடி, சுற்றிநிற்கும் பெண்களும் தத்தம் இழப்பை நினைத்து அழுவர். பின்னர் மன்மதனை எழுப்பும் சடங்கு நடைபெறும். இரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும் வரத்தோடு அவன் உயிர் பெறுகின்றான்.

சேர்த்துவைப்பதற்கு இடமில்லாத மக்களுக்குச் சேர்த்துவைக்க வேண்டாத ஒரு திருவிழா பொருந்தி வந்தது எனலாம். கம்பம் எரிந்துபோகும். உடைகளும் முடிகளும் காகிதமும் மினுக்குத் தாளும் கொண்டு ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படும். நிலைத்து நிற்பவை பொட்டலும், பாட்டும், யார் எந்த வேடம் கட்டுவது என்ற மரபுமே. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்தோர் கொண்டுவந்த கூத்து இது. தாயகத்து ஊர்களிற் பலவற்றில் அது தேய்ந்துபோன பின்னரும் மலையகத்தில் உரம்பெற்று நிற்பது ஆராய்ச்சியாளர் பலரும் கவனித்த செய்தி.

மரச்சாமானையும் பருவச் சடங்கையும் ஒருசேரப் பேணிவரும் வேறொரு மக்களையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா, ஒகாயோ, இந்தியானா முதலிய மாநிலங்களில் வாழும் ஆமிஷ் மக்கள் தொகை இன்று ஏறக்குறைய 4 இலட்சம். 1693ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில் யாக்கோபு அம்மான் என்பவரைப் பின்பற்றிப் பிரிந்த கிறிஸ்தவப் பிரிவினர் இவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவிற் குடியேறினர். பொது மின்சாரத்தை வீட்டுக்குள் இழுப்பதில்லை. குதிரை வண்டியிற் செல்வர். அவர்களுடைய திருமணங்கள் அறுவடை முடிந்த இலையுதிர் காலத்தில் நிகழ்வது நெடுங்கால வழக்கம். லாங்காஸ்டர் பகுதியிற் செவ்வாயும் வியாழனுமே திருமண நாள்கள். சில பிரிவினர் ஜனவரி 6ஆம் நாளைப் பழைய கிறிஸ்துமஸ் என்று நோன்பிருந்து கொண்டாடுகின்றனர். பழைய நாள்காட்டியின் நினைவு அது.

ஆமிஷ் தச்சரின் கைவேலைக்கு இன்று பெரும் மதிப்பு. அதிலும் இடிந்த களஞ்சியக் கொட்டகைகளின் பழைய உத்தரங்களையும் பலகைகளையும் கொண்டு செய்த மேசைக்கு மதிப்பு மிகுதி. இதற்கு ஒரு காரணம் உண்டு. 1904ஆம் ஆண்டில் நியூயோர்க்கிற் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சண நோய் அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்தை அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் காடுகளிலிருந்து ஏறத்தாழத் துடைத்துவிட்டது. அழிந்த மரங்கள் 300 முதல் 400 கோடி வரை என்பர். அம்மரம் இன்று பெருமளவிற் கிடைக்கும் இடம் பழைய கொட்டகையின் உடல் மட்டுமே. கோப்பியைக் கொன்ற துருவும் செஸ்ட்நட்டைக் கொன்ற நோயும் பூஞ்சணத்தின் வேலையே. இரண்டின் பின்னும் எஞ்சிய மரம் மேசையாயிற்று.

ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு, அது சிறிதன்று. களஞ்சியத்தைக் கட்டியவர்கள் உழவர்களே. நிலம் அவர்களுடையது, களஞ்சியம் அவர்களுடையது. பாட்டன் எழுப்பிய கொட்டகையின் உத்தரத்தைப் பேரன் மேசையாக்கும்போது, ஒரு சொத்து வேறொரு சொத்தாகின்றது. லயத்தில் வாழ்ந்தவன் கையிற்பட்ட பலகை எந்தத் தலைமுறையிலும் அவனுடையதாக இருந்ததில்லை. வேறொருவர் தேயிலைக்காக வேறொரு நாட்டிலிருந்து வந்து, கழிக்கப்பட்ட பிறகே அது அவனை அடைந்தது. எனினும் ஆமிஷாரிடத்தும் காமன் கம்பத்திற்கு நிகரான ஒன்று உண்டு. பழைய மரபினர் கோவில் கட்டுவதில்லை. வழிபாடு வீட்டுக்கு வீடு முறைவைத்து நடக்கும். அதற்கான வாங்குகள் எவருக்கும் தனியுடைமை அல்ல. ஒரு வண்டியில் ஏற்றி வீட்டிலிருந்து வீட்டிற்குக் கொண்டுசெல்வர்.

பெட்டியின் கதைக்கு மீண்டால், அதன் முடிவு இரண்டு இடங்களில் நிகழ்ந்தது. ஒன்று காட்டிலே. கொஸ்கம ஆலைக்கு மரம் கொடுப்பதற்காக, 1970களின் தொடக்கத்தில் சிங்கராஜக் காட்டிற்குள் இயந்திரங்கள் புகுந்தன. இலங்கையின் தாழ்நில மழைக்காடுகளில் எஞ்சிய பெரும்பகுதி அது; வேறெங்கும் இல்லாத மரங்களும் பறவைகளும் வாழும் இடம். மக்களும் அறிஞர்களும் எழுப்பிய எதிர்ப்பின் பயனாக 1977இல் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. 1988இல் அக்காடு உலக மரபுரிமையாயிற்று. தேயிலையை அனுப்ப ஒரு காடு தன் மரங்களைக் கொடுக்கவேண்டியிருந்தது என்பதை, கிண்ணத்தைக் கையில் ஏந்தியவர் எவரும் நினைத்திருக்கமாட்டார். இரண்டாவது முடிவு வாணிபத்திலே. பெட்டிக்குப் பதிலாகப் பல மடிப்புக் காகிதப் பைகள் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் மரப்பெட்டி ஏறக்குறைய மறைந்துவிட்டது. காடு தப்பியதில் மகிழ்ச்சியே. ஆனால் காகிதப் பை கிழிந்தால் அதிலிருந்து தட்டும் வராது, தடுப்பும் வராது.

வெளிநாடுகளிலும் அந்தப் பெட்டிக்கு மறுபிறவிகள் இருந்தன. இங்கிலாந்தில் வீடு மாறுவோர் பாத்திரங்களை அடுக்கிச் செல்ல அதுவே பெட்டி. 1950களில் அங்குள்ள இளைஞர் கவிழ்த்த தேயிலைப் பெட்டியில் ஒரு தடியை நட்டு, கயிறு கட்டி மீட்டி இசைக்குழு நடத்தினர். பிற்காலத்திற் பீட்டில்ஸ் என்று உலகப் புகழ் பெற்ற குழுவின் முன்னோடியான லிவர்பூல் மாணவர் குழுவிலும் அவ்வாத்தியம் இருந்தது.

மலைநாட்டில் மரப்பெட்டிக்கு வந்த மறுபிறவி அவ்வளவு இன்பமானதன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் தீர்மானித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974இல் வேறோர் உடன்பாடு எழுந்தது. எண்ணிக்கைகளைப் பங்கிட்ட தாளிற் குடும்பங்கள் பங்கிடப்பட்டன. ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு. புறப்பட்டவர்கள் தட்டுகளையும் பரணையும் கழற்றி எடுத்துச் செல்ல முடியுமா? சுவரோடு அறைந்தவை சுவரோடு நின்றன. கொண்டுசெல்லத்தக்கவை பெட்டிகளில் அடங்கின.

மலைநாட்டு நிலையங்களிலிருந்து இவர்களை ஏற்றிச்சென்ற புகைவண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று மக்கள் பெயரிட்டனர். தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்தை அடைவது பயண வழி. றொசல்ல போன்ற சிறு நிலையத்து மேடையில் எழுந்த அழுகைக்குப் பாட்டும் மெட்டும் புதிதாகத் தேடவேண்டியிருக்கவில்லை. மாசி இரவுகளில் இரதி அழுத ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவர்களே அங்கே நின்றனர். தடுத்தும் கேளாமற் போனவன் மன்மதன். இவர்களோ போக விரும்பாமலே போனவர்கள்.

நீலகிரியிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் சென்று குடியேறியோர் மீண்டும் தேயிலை மலைகளிலேயே வேலைக்கு அமர்ந்தனர். தமிழக அரசு அவர்களுக்கென அமைத்த தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்புகளிலும் வரிசை வீடுகளே இருந்தன.

இன்று பழைய மரத்துக்கு நகரங்களில் ஒரு காலம் வந்திருக்கின்றது. கொங்கிறீட்டுக் கட்டைகள் வந்தபின் கழற்றிய புகைவண்டிப் பாதையின் சிலிப்பர் கட்டைகள், கனத்த மேசைகளாகவும் வாங்குகளாகவும் விடுதிகளிற் காட்சி தருகின்றன. நூறாண்டு கவ்வாத்தைக் கண்ட தேயிலை அடிக்கட்டைகளும் அவ்வாறே. வெட்டாமல் விட்டால் ஒரு மரமாக ஓங்கக்கூடிய தேயிலை, இடுப்பளவிலே நிறுத்தப்பட்டு, வளர்ச்சியெல்லாம் அடியிலே திரண்டு, முறுக்கேறிய கைகளைப்போலத் தோற்றம் கொள்ளும். மறுநடுகைக்காகப் பிடுங்கிய கட்டையை வெயிற்படாமல் மெதுவாக உலர்த்தி, பட்டை சுரண்டி, தேய்த்து மெருகிட்டு, மேலே கண்ணாடி பதித்தால் ஓர் அழகிய சிறுமேசை கிடைக்கும். அசாமிலும் வங்காளத்துத் துவார் பகுதியிலும் இது பெயர்பெற்ற தொழில். கோப்பித் தண்டு போன அதே வழியிலே தேயிலைக் கட்டையும் போகின்றது. மேசையை அடைவதற்குமட்டும் அதற்கு மேலும் நூறாண்டுகள் ஆயின.

தோட்டங்களிலும் வீடுகள் சில மாறுகின்றன. இந்திய அரசின் உதவியோடு முதலில் 4,000 வீடுகள் கட்டும் திட்டமும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளின் திட்டமும் அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. தனி வீடு கிடைத்தோர் ஹட்டன் கடைகளிலிருந்து தவணைமுறையில் அலுமாரியும் கட்டிலும் வாங்குகின்றனர். அவற்றுள் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையே மிகுதி. றொசல்ல மழையை அது எத்தனை பருவம் தாங்கும் என்பது பெட்டிப் பலகையைப் பழகிய கிழவர்களுக்குத் தெரியும். 2023இல் மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைவை நாடெங்கும் நினைவுகூர்ந்தனர். அவர்களுட் பெரும்பகுதியினர் அப்பொழுதும் லயங்களிலேயே வாழ்ந்தனர்.

அத்தகைய லயங்கள் சிலவற்றிற் பழைய சாமித் தட்டு இன்னும் சுவரில் இருக்கின்றது. மேற்புறம் எண்ணெயும் குங்குமமும் ஏறிக் கறுத்துவிட்டது. அடிப்புறத்தை நோக்கினால், தலைகீழாகப் பதிந்த தோட்டத்தின் பெயரும், தரமும், நிறையும் மங்கலாகத் தெரியும். அதன்மேலேதான் மாசி மாதம் காமனுக்குக் காப்புக் கட்டும் நாளில் விளக்கு ஏற்றிவைக்கின்றனர்.